கொல்லிமலை ஆர்க்கிட்: மரத்தில் செழிக்கும் செடி பசுமைக்குடிலுக்குள் அழுகுவது ஏன்? தண்ணீர், ஈரப்பதம் பற்றிய முழு விளக்கம்

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி கொல்லிமலைக்கு மேலே போனால், பலா மரத்திலும் காபித் தோட்டத்து நிழல் மரங்களிலும் தடித்த இலைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆர்க்கிட் செடிகளைப் பார்க்கலாம். மண் கிடையாது, உரம் கிடையாது, யாரும் தண்ணீர் ஊற்றுவதும் கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம் பூக்கிறது.

அதே குடும்பத்துச் செடியைக் காசு கொடுத்து நாற்றாக வாங்கி, பாலித்தீன் கூரைக்குக் கீழே வைத்து, தினமும் தண்ணீர் தெளித்து வளர்த்தால் பல நேரம் முதல் மழைக்காலத்தையே தாண்டுவதில்லை. குருத்து கறுத்து, தொட்டாலே கையோடு வந்துவிடுகிறது. கொல்லிமலையின் குளிர்ச்சியும் பனிமூட்டமும் ஆர்க்கிட்டுக்கு ஏற்றதுதானே, பிறகு ஏன் இப்படி?

சுருக்கமாகச் சொன்னால், ஆர்க்கிட்டுக்குத் தேவை ஈரமான காற்று. ஈரமான செடி இல்லை. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பதில்தான் பெரும்பாலான இழப்பு தொடங்குகிறது.

மரத்தில் வளர்வதால் புல்லுருவியா?

இல்லை. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தை ஓர் இருக்கையாக மட்டுமே வைத்துக்கொள்கிறது. மழைநீர், காற்றில் இருக்கும் ஈரம், பட்டையில் படியும் மட்கிய தூசி ஆகியவைதான் அதன் சாப்பாடு. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பரவலாகக் காணப்படும் வாண்டா டெசல்லாட்டா, அகாம்பே பிரிமோர்சா போன்றவை இப்படி வளர்பவைதான். தரையில் வளரும் ஆர்க்கிட்களும் உண்டு. ஆனால் பசுமைக்குடிலில் வைக்கும் வாண்டா, டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ் எல்லாமே பெரும்பாலும் மரவாசிகள்.

வேரில் இருக்கும் ரகசியம்

மரத்தில் தொங்கும் ஆர்க்கிட் வேரைக் கவனித்தால் வெள்ளி நிறத்தில் பூசினாற்போல இருக்கும். அது வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை. வெலமென் என்று பெயர். காய்ந்த பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல, மழை பட்டவுடனே நொடிகளில் நீரை இழுத்துக்கொள்ளும். உறை நனைந்ததும் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும். வெள்ளி நிறம் என்றால் வேர் காய்ந்திருக்கிறது, பச்சை என்றால் குடித்து முடித்துவிட்டது. தண்ணீர் போதுமா என்று கேட்பவர்களுக்கு செடியே கொடுக்கும் பதில் இது.

வேகமாகக் குடிக்கிற இந்த வேருக்கு இன்னொரு குணமும் உண்டு. குடித்த பிறகு அதற்குக் காற்று வேண்டும். மலையில் ஒரு மழை பெய்தால் அடுத்த சில மணி நேரத்தில் காற்று வந்து வேரையும் இலையையும் உலர்த்திவிடும். மறுபடி மழை, மறுபடி காற்று. தொட்டிக்குள் நாள் முழுக்க நீர் கோத்து நின்றால் பஞ்சு உறைக்குள் காற்று போக வழியில்லாமல் வேர் மூச்சுத்திணறி அழுகும்.

இதில் ஒரு குழப்பமான விஷயம் இருக்கிறது. தண்ணீர் போதாமல் போனாலும் இலை சுருங்கும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் இலை சுருங்கும். இரண்டாவது நிலையில் செடியைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது, குடிக்கத்தான் வேர் இல்லை. இலை வாடியிருக்கிறதே என்று இன்னும் ஒரு குவளை ஊற்றினால் கதை முடிந்தது. எனவே இலை சுருங்கினால் முதலில் பார்க்க வேண்டியது வேரை. அழுத்தினால் கெட்டியாக இருந்தால் தாகம். நசுங்கி, உறை கழன்று, நடுவில் நூல் மாதிரி மட்டும் மிஞ்சினால் அழுகல்.

காலையில் 90 சதவீதம், மதியம் 50: எங்கே போனது ஈரப்பதம்?

பொதுவாக ஆர்க்கிட்டுக்கு 60 முதல் 80 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். இந்த சதவீதம் எதன் சதவீதம் என்பது தெரிந்தால்தான் குடிலைக் கட்டுப்படுத்த முடியும்.

காற்று சூடாக சூடாக அதிக நீராவியைத் தாங்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் அதே ஒரு கனமீட்டர் சுமார் 30 கிராம் தாங்கும். அதாவது பாத்திரம் பெரிதாகிவிடுகிறது.

கொல்லிமலையில் பனிமூட்டமான ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் 20 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். காற்றில் இருப்பது 15 கிராமுக்குக் கொஞ்சம் அதிகமான நீர். பத்து மணிக்கு வெயில் ஏறி, பாலித்தீன் குடிலுக்குள் வெப்பம் 30 டிகிரியைத் தொடுகிறது. ஒரு சொட்டு நீர்கூடக் குறையவில்லை. ஆனாலும் ஈரப்பதம் 50 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். காலையில் மீட்டரைப் பார்த்துவிட்டு, ஈரப்பதம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கீழே இறங்கிப் போகிறவருக்கு மதியம் நடப்பது தெரியாது.

இந்த மதிய வறட்சிக்குச் சரியான மருந்து வெப்பத்தைக் குறைப்பது. 50 சதவீத நிழல்வலையும் பக்கத் திரைகளைச் சுருட்டிவிடுவதும் பாதி வேலையைச் செய்துவிடும். மீதிக்கு தரையை நனைக்கலாம். நடைபாதை, செங்கல் பரப்பு, மேசைக்குக் கீழே கொட்டிவைத்த ஜல்லி ஆகியவற்றில் தண்ணீர் தெளித்தால் அது ஆவியாகி காற்றை ஈரமாக்கும், கொஞ்சம் குளிர்ச்சியும் தரும். செடி மேல் ஒரு துளியும் விழாது. பெரிய கருவிகள் வாங்க வசதியில்லாத சிறு விவசாயிக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

உண்மையான ஆபத்து மாலையில்

மதிய வறட்சியில் செடி வாடும், பெரும்பாலும் தேறிவிடும். மாலை ஈரம் அப்படி விடாது.

மாலை நான்கு மணிக்குக் குடிலுக்குள் 28 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க அருமையான நிலை. குளிர் வருகிறதே என்று எல்லாத் திரைகளையும் இறக்கி மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறார் வளர்ப்பவர். வெயில் போனதும் மலையில் வெப்பம் சட்டென்று இறங்கும். இந்தக் காற்று சுமார் 23 டிகிரிக்கு வந்தவுடனே 100 சதவீதத்தைத் தொட்டுவிடும். அதற்குக் கீழே போனால் நீராவி தண்ணீராக மாறியே ஆக வேண்டும். சமையலறையில் சூடான பாத்திரத்தின் மூடியில் நீர் முத்து முத்தாக நிற்கிறதே, அதேதான். பாலித்தீன் கூரையின் உட்புறம் முழுக்க நீர்த்துளி, அது நேராகச் செடியின் நடுக்குருத்துக்குள் சொட்டும்.

ஃபெலனாப்சிஸ் செடிக்கு இலைகள் சேரும் நடுப்பகுதி ஒரு கிண்ணம் மாதிரி. அதில் இரவு முழுக்க நீர் நின்றால் பாக்டீரியா அழுகலுக்கும் பூஞ்சை போன்ற நோய்க்கிருமிகளுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. வாண்டா, ஃபெலனாப்சிஸ் இரண்டுக்கும் ஒரே ஒரு குருத்துதான். அது போனால் பெரும்பாலும் செடியே போன மாதிரி.

அப்படியென்றால் மாலையில் என்ன செய்வது? மூடுவதற்கு முன்னால் ஈரக்காற்றை வெளியே தள்ள வேண்டும். வெப்பம் இறங்கத் தொடங்கும்போதே கூரைத் திறப்பையும் பக்கத் திரையையும் கொஞ்ச நேரம் திறந்துவைத்து, உள்ளே இருக்கும் சூடான ஈரக்காற்றை மாற்றிவிட்டுப் பிறகு மூடுவது நல்லது. முழுக்க மூடாமல் கூரைப் பக்கம் சிறிது இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. இரவு முழுக்க மெதுவாக ஓடும் ஒரு சுழல் விசிறி, செடியை அசைக்காமல் காற்றை மட்டும் அசைக்கும் அளவுக்கு இருந்தால், இலை மேல் நீர் தங்காது.

இரவில் ஈரப்பதம் 80, 90 என்று ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். தடித்த இலை கொண்ட ஆர்க்கிட்கள் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்பவை. கள்ளியும் அன்னாசியும் செய்கிற அதே வேலை. இரவுக் காற்று ஈரமாக இருந்தால் அவற்றுக்கு நல்லதே. காற்று நகர வேண்டும், இலை உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கிலாந்தே செய்த தவறு

இது கொல்லிமலைக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பமண்டல நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாக ஆர்க்கிட்கள் போயின. வெப்பநாட்டுச் செடிதானே என்று அவற்றை அடுப்பு எரியும் கண்ணாடி வீடுகளில், இருட்டாக, புழுக்கமாக, காற்றே புகாமல் அடைத்துவைத்தார்கள். 1830-ல் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி, அதிக வெப்பமும் நிழலும் ஈரமும்தான் வேண்டும் என்று பரிந்துரைத்தது இந்தப் பழக்கத்துக்கு இன்னும் வலு சேர்த்தது. ஆயிரக்கணக்கான செடிகள் செத்தன. அவற்றில் பல, உண்மையில் காற்று வீசும் குளிர்ந்த மலைகளிலிருந்து பறிக்கப்பட்டவை.

நிலைமையை மாற்றியவர்களில் முக்கியமானவர் சாட்ஸ்வொர்த் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். அங்கிருந்து 1835-ல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஜான் கிப்சன் காசி மலைகளில் ஆர்க்கிட்களைச் சேகரித்து 1837-ல் திரும்பினார். பாக்ஸ்டன் செய்தது எளிய காரியம். வெப்பத்தைக் குறைத்தார், ஜன்னலைத் திறந்தார், செடிக்குப் பதில் நடைபாதையை நனைத்தார். கிட்டத்தட்ட 190 வருஷம் கழித்தும் பசுமைக்குடில் ஆலோசகர்கள் சொல்வது இதைத்தான்.

எந்த நேரத்தில் ஊற்றுவது?

'விடியற்காலையில் தண்ணீர் விடுங்கள்' என்பது சமவெளிக்குச் சரியான அறிவுரை. சேலத்திலோ நாமக்கல்லிலோ ஆறு மணிக்கு ஊற்றினால் எட்டு மணி வெயிலில் இலை உலர்ந்துவிடும். கொல்லிமலையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஆறு மணிக்கு ஊற்றினால், பனிமூட்டம் விலகும்வரை இலை நனைந்தபடியே நிற்கும். இங்கே மூட்டம் விலகி வெளிச்சம் வந்த பிறகு தொடங்கி, மதியத்துக்குள் முடித்துவிடுவதே பாதுகாப்பு. மாலை நான்கு மணிக்குக் குடிலுக்குள் நடந்து பார்த்தால் எந்த இலையிலும் நீர் இருக்கக் கூடாது. இருந்தால் காலையில் தாமதமாக ஊற்றிவிட்டீர்கள் அல்லது காற்றோட்டம் போதவில்லை. குருத்துக்குள் நிற்கும் நீரை டிஷ்யூ பேப்பரை முறுக்கி விட்டு எடுத்துவிடலாம்.

மழையும் மூட்டமும் விடாமல் தொடரும் நாட்களில் ஊற்றாமல் விடுவதே பெரிய பராமரிப்பு. டைமர் போட்டுத் தானாகத் தண்ணீர் விடும் குடில்களில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வெளியே மூன்று நாளாக வெயிலே இல்லை, உள்ளே தெளிப்பான் கடிகாரம் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை?

இதற்கு ஒரே பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். செடி எது, எதில் நட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கூடையில் ஊடகமே இல்லாமல் வேரைத் தொங்கவிட்டு வளர்க்கும் வாண்டாவுக்குக் கோடையில் தினமும் வேண்டும், சில நாள் இரண்டு முறைகூட. ஊற்றும்போது வேர் முழுக்கப் பச்சையாகும்வரை விட வேண்டும், சும்மா தெளித்துவிட்டு நகரக் கூடாது. அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு போட்ட தொட்டியில் இருக்கும் டென்ட்ரோபியத்துக்கு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை. அதே டென்ட்ரோபியம் தேங்காய் மட்டையில் இருந்தால் இன்னும் குறைவு, ஏனென்றால் மட்டை மேலே காய்ந்தது மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். பாசியில் நட்டு விற்கப்படும் ஃபெலனாப்சிஸுக்கு வாரம் ஒரு முறையே போதும், குளிர்காலத்தில் பத்து நாள்கூடத் தாங்கும். கடையில் வாங்கிய ஃபெலனாப்சிஸ் வீட்டுக்கு வந்ததும் சாவதற்கு இந்தப் பாசிதான் பெரும்பாலும் காரணம். குளிரில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் டென்ட்ரோபியம் வகைகளுக்கு அந்த மாதங்களில் தண்ணீரை வெகுவாகக் குறைக்க வேண்டும். ஓய்வெடுக்கிற செடிக்கு ஊற்றினால் பூ வராமல் தண்டில் குட்டிச் செடிதான் கிளம்பும்.

நாள் கணக்கைவிட நம்பகமானது தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. நன்றாக ஊற்றி வடிந்த பிறகு ஒரு முறை தூக்குங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி தூக்குங்கள். ஒரு வாரத்தில் கைக்கே கணக்கு வந்துவிடும். ஒரே குடிலிலும் விசிறிக்குப் பக்கத்து வரிசை சீக்கிரம் காயும், மூலை வரிசை மெதுவாகக் காயும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊற்றினால் ஒரு வரிசை வாடும், ஒரு வரிசை அழுகும்.

போர்வெல் தண்ணீரா, மழைநீரா?

மழைநீர்தான். ஆர்க்கிட் பரம்பரையாகக் குடித்தது மழையையே. அதில் உப்பு மிகக் குறைவு. போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால், ஒவ்வொரு முறை காயும்போதும் உப்பு மட்டும் வேரில் தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம், வேர் நுனி கறுத்துப் போவது இரண்டும் இதன் அடையாளம். டிடிஎஸ் மீட்டரில் 200-க்குள் இருந்தால் நிம்மதியாகப் பயன்படுத்தலாம். 500-ஐத் தாண்டினால் மழைநீரோடு கலந்தே விட வேண்டும். அமில காரத் தன்மை 5.5 முதல் 6.5-க்குள் இருப்பது நல்லது.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் தொடும் மலைக்கு மழைநீர் சேமிப்பது கஷ்டமான காரியம் இல்லை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் குடிலின் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் 5,000 லிட்டர். சிந்துவது, வழிவது போனாலும் ஒரு தொட்டி நிறையும். குடில் கட்டும்போதே தகரக் கால்வாய் வைத்தால் செலவு சின்னது, பிறகு வைத்தால் பெரியது.

உரம் விடுவதாக இருந்தால், முதலில் வெறும் தண்ணீரில் வேரை நனைத்துவிட்டு விட வேண்டும். காய்ந்த வேரில் உரம் பட்டால் எரியும். மூன்று, நான்கு உரத்துக்கு ஒரு முறை வெறும் நீரால் நன்றாக அலசிவிடுவதும் அவசியம்.

ஃபாகர் வாங்கலாமா?

வாங்கலாம், எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும். ஃபாகர் விடும் துளி மிகச் சிறியது, இலையில் விழுவதற்கு முன்பே ஆவியாகிவிட வேண்டும். சாதாரண மிஸ்டரின் துளி பெரியது, அது இலையை நனைக்கும். விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதும் உண்டு. சோதனை சுலபம்: ஓடவிட்டு, கீழே ஒரு கண்ணாடியைப் பிடியுங்கள். துளி துளியாக நனைந்தால் அது உங்களுக்கு வேண்டிய ஃபாகர் இல்லை. கடின நீரில் ஃபாகர் முனைகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதால் இதற்கும் மழைநீரே நல்லது.

ஈரத் திண்டும் விசிறியும் வைக்கும் குளிரூட்டும் முறை வறண்ட சமவெளியில் பிரமாதமாக வேலை செய்யும். மழைக்காலக் கொல்லிமலையில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் அது வெப்பத்தைப் பெரிதாகக் குறைக்காது, ஈரத்தைத்தான் இன்னும் கூட்டும். பணம் போட வேண்டிய இடம் அதுவல்ல. திறந்து மூடும் கூரையும் பெரிய பக்க ஜன்னல்களும்தான் இங்கே முதல் தேவை. ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட சாகுபடிக்கு 50 சதவீத மானியம் உண்டு. தற்போதைய பரப்பு வரம்பையும் நிபந்தனைகளையும் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வரைபடத்தை முடிவு செய்யலாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி போதும். ஆனால் அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரமண் பதத்துக்கு வரும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் மீட்டர் 7 குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். மீட்டரே இல்லாதவர்கள் இரண்டு வெப்பமானிகளை வைத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்க்கலாம். காய்ந்தது 30 டிகிரி, ஈரத்துணி சுற்றியது 25 டிகிரி என்றால் ஈரப்பதம் சுமார் 67 சதவீதம். 22 டிகிரி என்றால் சுமார் 50. மீட்டரைச் செடி மட்டத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் மாட்ட வேண்டும்.

அழுகல் வந்துவிட்டால்?

நீர்க்கொப்புளம் மாதிரி ஒரு கறை, அடுத்த ஓரிரு நாளில் இலை முழுக்கப் பரவி நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். அந்தச் செடியை உடனே தனியாக எடுத்துவிட வேண்டும். நெருப்பில் காட்டிய கத்தியால் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி, காயத்தை உலரவிட்டு, சில நாள் மேலே தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் கத்தியைத் திரும்பச் சுட வேண்டும். பக்கத்துச் செடிகளுக்குக் குழாயால் பீய்ச்சி அடிப்பதை நிறுத்துங்கள், தெறிக்கும் நீரில்தான் இது பயணம் செய்கிறது. வேகமாகப் பரவினால் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டி மருந்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. காற்றோட்டத்தைச் சரிசெய்யாமல் மருந்தை மட்டும் அடித்தால் அடுத்த மாதம் திரும்பி வரும்.

மரத்திலிருந்தே பறித்து வரலாமா?

கூடாது. காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது வனச் சட்டப்படி குற்றம். ஆர்க்கிட் குடும்பம் மொத்தமும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, நாடு விட்டு நாடு போக அனுமதி தேவை. இது ஒரு பக்கம். மறுபக்கம், மரப்பட்டையிலிருந்து பிய்க்கும்போதே வேரின் உறை கிழிந்துவிடும். கிழிந்த வேரோடு ஈரமான தொட்டிக்குள் போகும் செடி பிழைப்பது அரிது. சுற்றுலா வந்து பறித்துப் போகும் செடிகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. திசு வளர்ப்பு முறையில் உருவான நாற்றுகள் நர்சரிகளில் கிடைக்கின்றன, அவை குடில் வாழ்க்கைக்குப் பழகியவை.

மலை ஆர்க்கிட்களைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அருகில் இருக்கும் நல்ல இடம் ஏற்காடு. சேர்வராயன் மலையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா 1960-களிலிருந்து இயங்குகிறது. செடி வளர்ப்பவர்கள் பூவை மட்டும் பார்த்துவிட்டு வராமல், எந்தச் செடியைத் தொட்டியில் வைத்திருக்கிறார்கள், எதை மரக்கட்டையில் கட்டியிருக்கிறார்கள் என்றும் கவனித்தால் பயன் அதிகம்.

கரண்ட் போனால்?

விசிறியை மட்டும் நம்பிக் கட்டிய குடிலில் மழை இரவில் கரண்ட் போனால், காற்று நின்று சில மணி நேரத்திலேயே கூரை சொட்டத் தொடங்கும். அதனால் கூரைத் திறப்பும் பக்கத் திரையும் மோட்டார் இல்லாமல் கையாலும் சுற்றும்படி இருக்க வேண்டும். கூரைச் சரிவு நன்றாக இருந்தால் உட்புற நீர்த்துளி செடி மேல் விழாமல் ஓரத்துக்கு வழிந்துவிடும். தட்டையான கூரையில் அது நடக்காது. துளி சொட்டாமல் தடுக்கும் பூச்சு கொண்ட பாலித்தீனும் கிடைக்கிறது, அந்தப் பூச்சு நாளாக நாளாகத் தேய்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும், அதாவது அக்டோபருக்குள், ஒரு நாள் காலையில் சீக்கிரமே குடிலுக்குள் போய் எந்த இடத்தில் சொட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்துத் தொட்டிகளை நகர்த்திவிடுவது நல்லது.